மேசை விரிப்பின் ஈர ஓரம்

செல்வமலருக்கு இங்கிலிஷ் தெரியும் என்ற விஷயம் இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். முதலாவது ஆள் கணவர் அல்பேட். ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைப் பக்கம் ஒரு மீன் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிற மனிதர். வீட்டுக்கு இங்கிலிஷில் ஏதாவது கடிதம் வந்தால் மட்டும் மனைவியின் படிப்பு அவருக்கு ஞாபகத்துக்கு வரும். இரண்டாவது ஆள் மகள் லக்ஷனா. அம்மா இலங்கையில் மன்னாரில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, உயர்தரப் பரீட்சையில் ஆங்கில இலக்கியத்துக்கு ஏ எடுத்த கதையை அவள் தேவைக்கு மேலேயே கேட்டுவிட்டாள். மூன்றாவது ஆள் லுடோவிகா. இந்த மூன்று பேரிலும் அந்தப் படிப்பால் பலன் கண்டவள் லுடோவிகா ஒருத்திதான்.

லுடோவிகா, செல்வமலர் பதின்மூன்று வருஷமாக வேலை செய்கிற வீட்டு எஜமானி சிஞ்ஞோராவின் மகள். வயது பதினேழு. லக்ஷனாவும் அவளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. நல்ல பள்ளிக்கூடம் என்று சொல்லி லக்ஷனாவை அங்கே சேர்க்கச் சொன்னதே சிஞ்ஞோராதான். பிள்ளைகள் இருவரும் கண்டால் சிரிப்பார்கள், அதற்கு மேல் கதை இல்லை. லக்ஷனா படிப்பில் புலி. லுடோவிகா நல்ல பிள்ளை, ஆனால் புத்தகத்தைக் கண்டால் அவளுக்குக் கொட்டாவி வரும்.

எல்லாம் ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் தொடங்கியது. செல்வமலர் அயன் பெட்டியால் சட்டைகளை மினுக்கிக்கொண்டு நிற்க, சோபாவில் கிடந்த லுடோவிகா பெருமூச்சு மேல் பெருமூச்சு விட்டாள். இங்கிலிஷ் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். பெருமூச்சுச் சத்தம் தாங்காமல் செல்வமலர், “வாசி, கேட்கிறேன்” என்று இத்தாலியனில் சொன்னாள். அன்றைக்குப் பிழை மட்டும்தான் திருத்திக் கொடுத்தாள். அடுத்த கட்டுரைக்கு இவள் மினுக்கிக்கொண்டே சொல்லச் சொல்ல, லுடோவிகா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டு போனாள்.

அந்த இங்கிலிஷ் ஆசிரியை கெட்டிக்காரி. கட்டுரைகளைக் கையால்தான் எழுதிக்கொண்டு வர வேண்டும், ஃபோனில் இருக்கிற எந்திரத்திடம் கேட்டு எழுதினால் தனக்குத் தெரிந்துவிடும் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார். அயன் மேசைக்குப் பின்னால் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கிற எந்திரத்தைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

இது பிழை என்று செல்வமலருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு கதையைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று இந்த ஊரில் அவளை யாரும் கேட்டதே கிடையாது. கேட்டதும் வாய் தானாகத் திறந்துவிட்டது. சொந்த மகளுக்கு உதவி செய்ய அவள் ஆசைப்படாமலும் இல்லை. போன வருஷம் ஒரு தரம் லக்ஷனாவின் கொப்பியை எட்டிப் பார்த்தாள். “பஸ்தா அம்மா, போதும், விடுங்கோ. உங்கடை இங்கிலிஷ் கன்னியாஸ்திரி இங்கிலிஷ்” என்று சொல்லி அவள் கொப்பியை மூடிவிட்டாள். செல்வமலர் அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கும் ரோஷம் இருக்கிறது.

மாசி மாதம் வகுப்பில் ஒரு பழைய இங்கிலிஷ் சிறுகதை படிப்பித்தார்கள். ஏழு பக்கம். கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கிற ஒரு விதவைச் சீமாட்டியைப் பார்க்க அவளுடைய பழைய சிநேகிதி வருகிறாள். இந்த மாரிகாலம் முழுக்க உன்னோடு தங்கட்டுமா என்று கேட்கத்தான் வருகிறாள். இருவரும் தேநீருக்கு உட்காருகிறார்கள். சிநேகிதி மேசையில் கை வைக்கும்போது விரிப்பின் ஓரம் ஈரமாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அவள் கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து போய்விடுகிறாள். கதை முடிந்தது. அவள் ஏன் கேட்கவில்லை என்பதுதான் கட்டுரை.

வகுப்பில் பாதிப் பேர் அந்த ஈரத்தைக் கண்ணீர் என்றார்கள். மீதிப் பேர் கடல் என்றார்கள். செல்வமலருக்குச் சிரிப்பு வந்தது. ஈரம் என்றால் ஈரம்தான். லுடோவிகாவைப் பேனை எடுக்கச் சொன்னாள். துணியை மினுக்கும்போது நடு முதலில் காயும், மடித்துத் தைத்த ஓரம் கடைசியில்தான் காயும். ஓரம் ஈரமாக இருக்கிறதென்றால் அந்த விரிப்பு அன்றைக்குத்தான் துவைக்கப்பட்டிருக்கிறது. அன்றைக்குத் துவைத்து அன்றைக்கே போட்டால் அந்த வீட்டில் இருப்பது அந்த ஒரே ஒரு விரிப்பு. சீமாட்டியிடம் ஒன்றும் இல்லை, வெளிப்பகட்டுத்தான். சிநேகிதிக்கு அது கைபட்டவுடனே விளங்கிவிட்டது. அதனால் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அன்பு.

லுடோவிகாவே எழுதுவதை நிறுத்தி வாயைப் பிளந்தாள். அந்தக் கட்டுரைக்குப் பத்துக்கு ஒன்பது கிடைத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை செல்வமலர் பலேர்மோவின் சீசா என்கிற பகுதியில் இருந்த தன் வீட்டுக் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். லக்ஷனா பள்ளிப் பையை எறிந்துவிட்டுக் கையில் ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு எட்டுப் புள்ளி. இது வரைக்கும் வகுப்பில் அவளுக்கு மேலே யாரும் வந்ததில்லை. சித்திரையில் கத்தானியாவில் சிசிலிப் பள்ளிக்கூடங்களுக்கு இடையில் ஒரு இங்கிலிஷ் கட்டுரைப் போட்டி நடக்க இருந்தது. வகுப்புக்கு ஒருவர்தான் போகலாம். அது தான்தான் என்று லக்ஷனா ஐப்பசியில் இருந்தே நினைத்துக்கொண்டிருந்தாள். அதைவிட வேறொன்றும் அவளுக்கு இந்த வருஷம் வேண்டியிருக்கவில்லை.

“லுடோவிகாவுக்கு ஒன்பது. ரீச்சர் அவளின்ரை கட்டுரையைக் கொப்பி எடுத்து எல்லாருக்கும் தந்தவ. இப்பிடித்தான் எழுத வேணுமாம். கேளுங்கோ.”

லக்ஷனா வாசித்தாள். செல்வமலர் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு தன்னுடைய வசனங்களை மகளின் குரலில் கேட்டாள். வெட்கப்பட வேண்டிய நேரம் அது. அவளுக்கோ நெஞ்சு நிமிர்ந்தது. மூன்றாவது பந்தியில் ஒரு வசனம் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தாள். துணியின் ஓரம் கடைசியில்தான் காயும் என்ற இடம் வந்தபோது லக்ஷனா நிறுத்தினாள். திரும்ப ஒரு தரம் அந்த வரியை மனதுக்குள் வாசித்தாள். பிறகு தாளைக் கீழே வைத்தாள்.

“லுடோவிகா அயன் பெட்டியைக் கையாலை தொட்டிருக்கிறாளோ அம்மா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லை.”

“அப்ப இது அவளுக்கு எப்பிடித் தெரியும்?”

செல்வமலருக்குப் பொய் சொல்ல வராது. உண்மையில் பொய் சொல்ல அவளுக்கு மனமும் இல்லை. “நான்தான் சொன்னனான்” என்றாள்.

“முழுக்கவோ?”

“ஓம். முழுக்க.”

லக்ஷனாவின் முகம் சிவந்தது. “எனக்கு ஒரு நாளாவது இப்பிடிச் சொல்லித் தந்தனீங்களோ?”

“அவள் கேட்டவள் பிள்ளை. நீ கொப்பியை மூடினனீ.”

இது கத்தரிக்காயை வெட்டுகிற மாதிரிச் சுருக்கென்று வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் செல்வமலருக்கு உறைத்தது. மகளின் கண் நிறைவதைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டாள். ஐந்து மாதமாகத் தான் அயன் மேசையில் பட்ட சந்தோஷத்துக்கு விலை கொடுத்தது இந்தப் பிள்ளை என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது.

“திங்கட்கிழமை நான் ரீச்சரட்டை வாறன். வந்து எல்லாத்தையும் சொல்லுறன். சிஞ்ஞோரா வேலையாலை நிப்பாட்டினால் நிப்பாட்டட்டும்.”

“வேண்டாம்” என்றாள் லக்ஷனா. கண்ணைத் துடைத்த வேகத்தைப் பார்த்தால் முகத்தோடு சண்டை பிடிக்கிற மாதிரி இருந்தது. “ரீச்சர் அடுத்த கட்டுரை தந்திட்டா. இந்தக் கட்டுரை பிழை எண்டு காட்டி எழுத வேணுமாம். எல்லாரும்தான், லுடோவிகாவும்தான். இதிலை முதல் வாற ஆள்தான் கத்தானியாவுக்குப் போறது. நீங்கள் அவளுக்குச் சொல்லிக் குடுங்கோ.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?”

“விசர்க்கதை இல்லை. நல்லாச் சொல்லிக் குடுங்கோ, எனக்காக ஒண்டும் குறைக்க வேண்டாம். நான் உங்களை வெல்லுறன்.”

வெல்லுவாவாம். செல்வமலருக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. இரண்டில் எது முந்தியது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கன்னியர் மடத்தில் அவள் கட்டுரைக்கு எதிராக யாரும் எழுதி வென்றதில்லை. இந்தக் கட்டுரையில் ஓட்டை கிடையாது. இருந்தால்தானே பிள்ளை கண்டுபிடிக்க.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் லுடோவிகா பேனையும் கையுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தாள். செல்வமலர் அயன் பெட்டியைச் சூடாக்கினாள். ஒரு சட்டை முடிந்தது. இரண்டாவது சட்டையும் முடிந்தது. அவள் வாயில் இருந்து ஒரு வசனமும் வரவில்லை.

“என்ன செல்வா?” என்றாள் லுடோவிகா.

“யோசிக்கிறேன்.”

மழை பெய்து விரிப்பு நனைந்திருக்கலாமோ? கதையில் நல்ல வெயில். தேநீர் சிந்தியிருக்கலாமோ? இன்னும் ஊற்றவே இல்லை. தான் சொன்னது அவ்வளவு சரியாக இருந்தது, அதற்கு எதிராக ஒரு சொல்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. நாலாவது சட்டையில் அவள் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“இதற்கு எதிராக எழுத என்னால் முடியாது. முடிந்தாலும் நான் சொல்லப் போவதில்லை. முந்தியதையும் நான் சொல்லியிருக்கக் கூடாது, லுடோவிகா. என் மகளும் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள். இனி நீயே எழுது.”

லுடோவிகா முதலில் கெஞ்சினாள், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பிறகு வேறு வழியில்லாமல் எழுதத் தொடங்கினாள். அரைப் பக்கம் எழுத அவளுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. செல்வமலர் ஒரு எழுத்தையும் எட்டிப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்கு அன்றைக்கு மிகக் கஷ்டமான வேலை.

பத்து நாளுக்குப் பிறகு முடிவு வந்தது. லக்ஷனா படியேறி வருகிற சத்தத்திலேயே செல்வமலர் விஷயத்தை அறிந்துகொண்டாள். ஒன்பதரை. கத்தானியாவுக்கு அவள்தான். லுடோவிகாவுக்கு ஆறு. ஒன்பது எப்படி ஆறானது என்று ஆசிரியை கேட்க, முந்திய கட்டுரை தன்னுடையது இல்லை என்று லுடோவிகா எழுந்து நின்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாளாம். அந்த ஒன்பது வெட்டுப்பட்டுப் போனது. இந்த ஆறு மட்டும் நூற்றுக்கு நூறு தன்னுடையது என்று இடைவேளையில் லக்ஷனாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

செல்வமலர் மகளைக் கட்டி முத்தமிட்டாள். முத்தமிட்ட கையோடு மேசை லாச்சியை இழுத்துத் திறந்து சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள்.

“இப்ப கொண்டா பாப்பம். என்னிலை என்ன பிழை கண்டனீ எண்டு.”

லக்ஷனா தாளை நீட்டினாள். போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

முதல் பந்தியில் செல்வமலர் ஒரு காற்புள்ளியைத் திருத்தினாள். அதோடு பேனை நின்றுவிட்டது. லக்ஷனா இப்படித் தொடங்கியிருந்தாள்: விரிப்பின் ஓரம் ஈரம் என்றால் அது அன்றைக்குத் துவைக்கப்பட்டது என்பது சரி. ஆனால் அதைத் துவைத்தது யார்? ஐந்தாம் பக்கத்தில், ‘பெண் தேநீர்த் தட்டத்தைக் கொண்டுவந்தாள், கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்கள்’ என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அவளுக்குப் பெயர் இல்லை. வேலைக்காரி வைத்திருக்கிற வீட்டில் ஒரே ஒரு விரிப்பு என்று நம்ப முடியாது. விருந்தாளி வருகிறாள் என்று அந்தப் பெண்ணிடம் மத்தியானம்தான் சொல்லியிருப்பார்கள். சீமாட்டி கேட்ட விரிப்பு அழுக்காகக் கிடந்திருக்கும், அதை அவள் ஓடி ஓடித் துவைத்து மினுக்கியிருப்பாள், காய விட நேரம் கிடைத்திருக்காது. சிநேகிதி ஈரத்தில் கை வைத்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இந்தச் சீமாட்டியின் கூரைக்குக் கீழே ஒதுங்குகிறவர்கள் எப்படி வாழ வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தங்கட்டுமா என்று கேட்டிருந்தால் மாரிகாலம் முடிவதற்குள் அவள் கையிலும் ஒரு தட்டம் இருந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை.

செல்வமலர் மகளின் பள்ளிப் பையில் இருந்த கதையை எடுத்து ஐந்தாம் பக்கத்தைப் புரட்டினாள். அந்த வரி அங்கேதான் இருந்தது. அயன் மேசையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து அவள் அந்தக் கதையை மூன்று தரம் வாசித்திருக்கிறாள்.

ஓரம் கடைசியில்தான் காயும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சிஞ்ஞோரா பன்னிரண்டு மணிக்கு வந்து, “செல்வா, மூன்று மணிக்கு ஆட்கள் வருகிறார்கள்” என்று சொல்லிவிட்டுப் போன நாட்களில் கற்றுக்கொண்டது அது. சிஞ்ஞோராவின் அலுமாரியில் இருபது விரிப்பு இருக்கும். கேட்கிற அந்த ஒன்று எப்போதும் ஊத்தைக் கூடைக்குள்தான் கிடக்கும். எத்தனை தரம் ஈர ஓரத்தை உள்ளங்கையால் அமத்திக் காய்ந்ததா என்று பார்த்திருக்கிறாள். ஆனால் கதையை வாசித்தபோது அவள் சீமாட்டியின் கதிரையில்தான் உட்கார்ந்து வாசித்தாள். அங்கே இருந்து பார்க்கத் தட்டம் தெரிந்தது, தட்டத்தைக் கொண்டுவந்த ஆள் தெரியவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. தோற்றுப் போனதற்காக இல்லை. தன்மேல்தான் அந்தக் கோபம்.

“என்ன, பிழை கிடக்கோ?” என்றாள் லக்ஷனா.

செல்வமலர் சிவப்புப் பேனையை மூடி வைத்தாள். “பதின்மூண்டு வருஷமா அந்த வீட்டிலை தட்டம் கொண்டுபோறன் பிள்ளை. கதைக்குள்ளை அவள் வந்து போனதை நான் காணேல்லை.”

லக்ஷனா வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். தாளை வாங்கிக் கவனமாக மடித்தாள்.

“நான் அவளை மட்டும்தான் பாத்து வாசிச்சனான் அம்மா” என்றாள்.