சொரி மட்டும் போதாது

ஷிராணி எத்தனையோ இங்கிலிஷ் சொற்களைப் படித்தவள். ஒரு சொல்லுக்குப் பயந்தது அன்றைக்குத்தான்.

அம்பிட்டிய மேட்டில் இருக்கும் ஒரு தங்குவிடுதியில் வரவேற்பு மேசை அவளுடையது. அங்கே தங்கியிருந்த ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண் காலையில் மோதிரத்தைக் கழற்றிப் பல்கனி மேசையில் வைத்துவிட்டுக் கீழே சாப்பிட வந்திருக்கிறாள். திரும்பிப் போய்ப் பார்த்தால் மோதிரத்தைக் காணோம். செத்துப்போன அம்மாவின் மோதிரமாம், பாவம், அழுதுவிட்டாள். அழுகையோடு குளிரும் சேர்ந்துகொள்ள, கதிரையில் கிடந்த நீளமான சால்வையை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். கட்டிலைப் புரட்டினார்கள், குழாயடியைத் துழாவினார்கள், தோட்டத்துப் புல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒன்றும் அகப்படவில்லை.

ஹெலன் கீழே சாப்பிட்ட நேரத்தில் அந்த அறையைத் துப்புரவாக்கியது கலாராணி. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி, ஷிராணியின் ஊர்தான். மாதா கோயிலில் கொடியேற்றம் என்று அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மத்தியானம் வரைக்கும் ஹெலனின் வாயில் இருந்தது ‘லொஸ்ட்’ என்ற சொல். இன்சூரன்ஸ்காரனோடு ஃபோனில் பேசி முடித்ததும் அது ‘ஸ்டோலன்’ ஆகிவிட்டது. தொலைந்த பொருளுக்கு அவர்கள் சல்லிக்காசு தரமாட்டார்களாம், களவு போனால் தருவார்களாம், அதற்குப் பொலிஸ் முறைப்பாடு வேண்டுமாம். மனேஜர் கிளின்ரன் அதற்கு ஆமாம் போட்டான். ஒரு சொல்தானே, யாருடைய பெயரையும் போடப் போவதில்லை, நீ வந்து அவள் சொல்கிறதைச் சிங்களத்தில் சொல்லு என்று ஷிராணியை விடுதியின் வான் வண்டியில் ஏற்றினான்.

ஒரு சொல்தானாம்! ஷிராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொருள் தொலைய ஆள் தேவையில்லை. தானாக உருண்டு விழுந்திருக்கலாம், குரங்கு தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். களவு போக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத் தோட்டத்து லயத்தில் ஒரு வீடு இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள், கோயிலில் வழக்கமாக உட்காரும் ஓர் இடம் இருக்கும். இதையெல்லாம் கிளின்ரனுக்கு யார் விளங்கவைப்பது?

பொலிஸில் சார்ஜன்ட் ஐயா சிங்களத்தில் கேட்டார். ஹெலன் தெளிவாக ‘ஸ்டோலன்’ என்றாள். ஷிராணி, மோதிரம் காணாமல் போய்விட்டது என்று சிங்களத்தில் சொன்னாள். பொய்யில்லையே, காணவில்லைதானே!

கிளின்ரன் சும்மா இருப்பானா? ‘காணாமல் போகவில்லை, களவு’ என்று தானே சிங்களத்தில் திருத்தினான். வேலை வேணுமா வேணாமா என்று கேட்பதுபோல் ஷிராணியை ஒரு பார்வை பார்த்தான். சார்ஜன்ட் உடனே அறையைத் துப்புரவாக்கியது யார் என்று கேட்டார். பெயர் போடமாட்டார்கள் என்று சொன்ன அதே வாயால் கிளின்ரன் கலாராணியின் பெயரைச் சொன்னான். சொன்னதோடு நிற்காமல், அவளுக்கு ஏற்கெனவே ஃபோன் போட்டுப் பொலிஸுக்கு வரச் சொல்லிவிட்டதாகவும் சொன்னான்.

பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்திருந்தாள் கலாராணி. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். எதற்கு வரச் சொன்னார்கள் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. பையைக் கொட்டச் சொன்னார் சார்ஜன்ட். கொட்டினாள். சாப்பாட்டுப் பெட்டி, செபமாலை, கோயிலுக்கு வாங்கிய மெழுகுதிரிகள். ஒன்று உருண்டு சார்ஜன்ட்டின் சப்பாத்துக் காலடியில் போய் நின்றது.

ஷிராணி யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. “கலாக்கா, பல்கனி மேசையில மோதிரத்தப் பாத்தீங்களா?”

“பாத்தேனே. கொரங்கு ரெண்டு கம்பியில ஒக்காந்து அதையே பாத்துக்கிட்டிருந்துச்சு. மேச லாச்சியத் தொறக்கக் கூடாதுன்னு நமக்குச் சட்டம். அதான் தொரசாணியோட சால்வை முனையில முடிஞ்சு வச்சுட்டு வந்தேன். முடிச்சப் பாத்தா தெரியாதா, புள்ள?”

தெரியும். பன்விலயில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். தோடாக இருந்தாலும் பஸ் காசாக இருந்தாலும் சேலை முனையில்தான் முடிந்துவைப்பார்கள், முடிச்சைக் கண்டால் கை தானாக அவிழ்க்கும். ஹெலனுக்கு அது எப்படித் தெரியும்! ஷிராணி அவளுடைய முதுகுப் பக்கம் தொங்கிய சால்வை முனையைப் பிடித்து இழுத்தாள். குஞ்சத்துக்கு மேலே இறுக்கமாக ஒரு முடிச்சு. நகத்தால் அவிழ்த்து மோதிரத்தை மேசையில் வைத்தாள். காலையிலிருந்து தன் மேலேயே அதைச் சுமந்துகொண்டுதான் ஹெலன் களவு களவு என்று சொல்லியிருக்கிறாள்.

ஹெலன் அழுதாள், சிரித்தாள், கலாராணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ‘சொரி, சொரி’ என்றாள். கிளின்ரன் பிரச்சினை முடிந்தது, போகலாம் என்று வான் சாவியை எடுத்தான். கலாராணி அசையவில்லை. சாமான்களையும் எடுக்கவில்லை.

“தொரசாணி என்னா சொல்றாங்க?”

“சொரி சொல்றாங்க, அக்கா.”

“பஸ்ஸுல கால மிதிச்சாக்கூட சொரிதான் சொல்றாங்க. நான் களவெடுக்கலன்னு அவங்க வாயால சொல்லச் சொல்லு. அந்தா, அந்த ஐயாகிட்ட.”

நேரமாகிறது என்றான் கிளின்ரன். ஷிராணி அவன் பக்கம் திரும்பவே இல்லை. கலாராணி கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலிஷில் சொன்னாள். ஹெலனின் முகம் சிவந்தது. மோதிரத்தை விரலில் போடப் போனவள் அதை மேசையில் வைத்துவிட்டு, சார்ஜன்ட்டின் முன்னால் போய் நின்று, இந்தப் பெண் எதையும் திருடவில்லை, நான்தான் தவறாகச் சொன்னேன் என்றாள்.

ஷிராணி அதை வெளி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் சொன்னாள்.

அதைக் கேட்ட பிறகுதான் கலாராணி குனிந்து மெழுகுதிரிகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.