பின்சீட்டு மெத்தை

குழந்தைகள் காப்பகத்து வாசலில், காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, என் இரண்டு வயது மகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சீட்டில் உட்காரவைத்தால் உடம்பை வில்லாக வளைக்கிறாள். ஒரு கையை வாருக்குள் நுழைத்தால் இன்னொரு கையை உருவிக்கொள்கிறாள். "அத்த காரு, அத்த காரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுகை வேறு. காப்பகத்து டீச்சர் கதவோரம் நின்று, "செவ்வா, வியாழன்ல அவ அத்த வந்தா எவ்வளவு சமத்தா போய் உக்காந்துக்குறா" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பத்து மாதம் சுமந்தவளுக்கு அழுகை, வாரத்தில் இரண்டு நாள் சுமப்பவளுக்குச் சமத்து.

அத்தை என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை. மருந்துக் கடையில் வேலை. காரின் பின்சீட்டில், பின்பக்கம் பார்த்துப் பொருத்துகிற குழந்தைச் சீட்டை வாங்கியவளும் அவள்தான். அவள் காருக்கு ஒன்று, என் காருக்கு ஒன்று என்று ஒரே கம்பெனியில், ஒரே சாம்பல் நிறத்தில் இரண்டு. அதனால் அவள் சீட்டு உசத்தி என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. வித்தியாசம் ஆளில்தான் இருக்கவேண்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

எந்தப் பொருள் வாங்கினாலும் அவள் பெட்டிக்குள் இருக்கிற விளக்கப் புத்தகத்தைத்தான் முதலில் எடுப்பாள். பொடி எழுத்தை ஒரு வரி விடாமல் படிப்பாள். நான் பெட்டியோடு சேர்த்து அதையும் பழைய பேப்பரில் போட்டுவிட்டேன். தையல் கடைக்காரி நான். ஆளைப் பார்த்தே அளவு சொல்கிறவளுக்குப் புத்தகம் எதற்கு? "அவ எதையும் படிச்சிட்டுத்தான் தொடுவா" என்றார் வீட்டுக்காரர், முகமெல்லாம் பெருமை. "அப்ப நான் படிக்காமலே பெத்துட்டேனாக்கும்" என்றேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஒருமுறை அவளே கேட்டாள். "அண்ணி, உங்க கார்ல இருக்கறத ஒரு தடவ பாக்கட்டுமா? பாப்பா வளந்துட்டா, வாரெல்லாம் மாத்திப் போடணும்."

"எனக்கும் ரெண்டு கை இருக்கும்மா" என்றேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

அந்த இரண்டு கையை வைத்துத்தான் மெத்தை தைத்தேன். ஒரு சோபாவுக்கு உறை தைத்ததில் மயில்கழுத்து நிற வெல்வெட் மிஞ்சியிருந்தது. உள்ளே இரண்டு அங்குலப் பஞ்சு. வார் வெளியே வருகிற ஐந்து இடத்திலும் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற மாதிரி வெட்டி, ஓரம் அடித்து, சீட்டின் வளைவுக்குத் தக்கபடி மடிப்புக் கொடுத்தேன். கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக்கூட அத்தனை மெனக்கெட்டதில்லை. மெத்தையைப் போட்ட அன்று மகள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். சிணுங்கல் இருந்தது, அழுகை இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, கடையில் வேலை செய்கிற பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்த நாத்தனார் என் கார் அருகில் நின்றாள். கண்ணாடி வழியே மெத்தையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் பாதி உள்ளே போனது.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இத எடுத்துருங்க. இடி கிடி பட்டா இந்தப் பஞ்சு அமுங்கிடும், வார் லூசாயிடும். சீட்டோட வராத எதையும் உள்ள போடக் கூடாது."

"அவ என் கார்ல அழாம வர்றது உனக்குப் பொறுக்கல. அதச் சொல்லு."

அதற்கு மேல் இன்னொரு சொல்லும் என் நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளை இல்லாதவளிடம் சொல்லக் கூடாத சொல். விழுங்கிவிட்டேன். ஆனால் நான் எதை விழுங்கினேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அடுத்த செவ்வாய்க்கிழமை குழந்தையை வாசலிலேயே இறக்கிவிட்டாள், உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இரண்டு வாரம் போனது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், காப்பகத்திலிருந்து வரும் வழியில் மகளிடமிருந்து சத்தமே இல்லை. சிணுங்கல்கூட இல்லை. மெத்தையை மெச்சிக்கொண்டே சிக்னலில் நின்றேன். பக்கத்தில் நின்ற பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். திரும்பினால், "அம்மா, பின்னாடி பாருங்க" என்று கையைக் காட்டினார்.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. மகள் இரண்டு தோளையும் வாரிலிருந்து உருவிக்கொண்டு, பாதி எழுந்து, ஜன்னலில் ஒட்டியிருந்த பொம்மைப் படத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். எத்தனை தெரு அப்படியே வந்தேன் என்று தெரியவில்லை. நடுவில் ஒரு நாய் குறுக்கே வந்திருந்தால், நான் பிரேக்கை மிதித்திருந்தால்?

ஓர் ஓரமாக நிறுத்தி மெத்தையை உருவினேன். ஒரு மாதத்துக்குள் பஞ்சு அப்பளமாகியிருந்தது. வாரின் நீளத்தை மாற்றாமல், மகளை வெறும் சீட்டில் உட்காரவைத்துப் பூட்டினேன். அவள் நெஞ்சுக்கும் வாருக்கும் நடுவில் என் கை முஷ்டி தாராளமாகப் போய்வந்தது. அந்த இடைவெளியைத்தான் நான் ஓரம் அடித்து, மடிப்புக் கொடுத்து, வெல்வெட்டில் தைத்திருக்கிறேன். போனை எடுத்து நாத்தனாரைக் கூப்பிட்டேன். இடத்தை மட்டும் சொன்னேன்.

மருந்துக் கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தாள். "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள். "சொன்னேன்ல" என்பாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவள் மகளைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, சீட்டுக்குள் முழங்காலை ஊன்றி, தன் கனம் முழுவதையும் அதில் இறக்கி, கார் பெல்ட்டை இழுத்து இறுக்கினாள். இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தாள். பிறகு கால் நடுவே வருகிற வாரைத் தூக்கிப் பார்த்தவள், அதை எனக்குக் காட்டினாள்.

"இது இன்னும் கைக்குழந்தை ஓட்டையிலயே இருக்கு அண்ணி. இவ்வளவு வளந்த பிள்ளைக்குத் தொடைய நசுக்கும். அதான் அழுதிருப்பா."

மூன்று மாதமாக நான் வெந்து தணிந்ததெல்லாம் ஒரு விரல்கடை தள்ளி இருந்த ஓட்டைக்காக. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு அதற்கும் அவள்மேல்தான் கோபம் வந்தது. அவள் கண்ணுக்குத் தெரிந்தது என் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?

வாரை மாற்றி, மகளைப் பூட்டி இறுக்கினாள். மகள் அவள் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"பேச்சு இருக்கட்டும் அண்ணி. தோள்கிட்ட வாரக் கிள்ளிப் பாருங்க. கையில மடிப்பு வரக் கூடாது."

கிள்ளினேன். விரல் வழுக்கியது. இன்னொரு தரம் கிள்ளினேன், அப்போதும் வழுக்கியது. துணியில் இதற்கு முன் என் விரல் தோற்றதில்லை.

"நான் பின்னாடியே வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் தன் காரில் ஏறினாள். கிளம்பினேன். அழுகை இல்லை. சீட்டு பின்பக்கம் பார்த்துத்தான் பொருத்தியிருக்கிறது. கண்ணாடியில் எனக்குத் தெரிவது அதன் முதுகு மட்டும். அந்த முதுகுக்கு மேலே ஒரு சின்னக் கை எழுந்து, பின்னால் வருகிற காருக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.

தூரத்தில் சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. கொஞ்சம் அழுத்தினால் நான் தாண்டிவிடலாம், அவள் அந்தப் பக்கமே நின்றுவிடுவாள். கால் ஒரு கணம் அழுத்தத்தான் பார்த்தது. எடுத்து, பிரேக்கை மெல்ல, மிக மெல்ல மிதித்தேன். அவள் கார் பின்னால் வந்து ஒட்டி நின்றது. கண்ணாடி முழுக்க அதன் வெளிச்சம். அதற்கு நடுவில் அந்தக் கை இன்னும் வேகமாக ஆடியது.