கழுத்துப் பட்டை

சித்தி நடத்தும் பூனைக் காப்பகத்தில் கறுப்புப் பூனைகள் பின்வரிசைக் கூண்டுகளில்தான் இருக்கும். யாரும் திட்டம் போட்டு அப்படி வைக்கவில்லை. முன்வரிசையில் இருப்பவற்றை யாராவது சீக்கிரம் கொண்டுபோய்விடுவார்கள், புதிதாக வருபவை அந்த இடத்துக்கு வரும். கறுப்பு மட்டும் நகராது. கூண்டு கழுவுகிறவருக்கு எப்போதும் கையில் வாளி இருப்பதால் வாளி அண்ணன் என்று பெயர். கறுப்புப் பூனை வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்கள் அவருக்கு மனப்பாடம்.

"எங்க சோபா வெள்ளை, முடி ஒட்டினா தெரியும்பாங்க. அடுத்தவங்க, எங்க சோபா கறுப்பு, தெரியாம பூனை மேல உக்காந்துடுவோம்பாங்க. சோபாவ மாத்துங்கன்னு ஒரு நாள் சொல்லிடப் போறேன்."

பரீட்சை விடுமுறைக்கு நான் சித்தியோடு தங்கியிருக்கிறேன். காப்பகத்தின் இணையப் பக்கத்தில் போடுவதற்குப் படம் எடுப்பது என் வேலை. கறுப்புப் பூனையைப் படம் எடுப்பது எளிதல்ல. விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் பூனை இருக்கும் இடத்தில் ஒரு ஓட்டைதான் தெரியும், அதில் இரண்டு கண்கள். மதியம் ஒரு மணிக்கு அலுவலக ஜன்னலில் வெயில் விழும்போது எடுக்க வேண்டும். அப்போதுதான் கறுப்பு எத்தனை விதம் என்று தெரியும். மிளகு என்கிற பூனை வெயிலில் துருப்பிடித்த ஆணி நிறத்துக்கு மாறுவாள். தார் என்கிறவள் அப்படியே தார்தான், முடியின் வேர் வரைக்கும். இரண்டும் பெண், ஒரே வயது, ஒரே உயரம். என்னைத் தவிர எல்லோரும் அவற்றைக் கழுத்துப் பட்டையை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள். சிவப்புப் பட்டை என்றால் மாத்திரை சாப்பிடும் பூனை, நீலம் என்றால் ஆரோக்கியமான பூனை. மிளகுக்கு வலிப்பு உண்டு. காலையும் மாலையும் ஒரு மாத்திரை, ஒரு வேளை கூட விடக் கூடாது.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டையும் ஜன்னலுக்குக் கொண்டு வந்தேன். பட்டை பளபளவென்று மின்னியதால் படத்தில் பட்டைதான் முதலில் தெரிந்தது. அதனால் இரண்டு பட்டைகளையும் கழற்றி மேசை மேல் வைத்தேன். நல்ல படங்கள் கிடைத்தன. கடைசியில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அங்கே முடி எல்லாம் மூக்கில் போகும், முகமூடி போட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தோளில் போனை இடுக்கிக்கொண்டு பட்டைகளைக் கட்டினேன். வாளி அண்ணன் வந்து, பட்டை நிறத்தைப் பார்த்து இரண்டையும் கூண்டில் விட்டார்.

சனிக்கிழமை மாலை ஒரு பஸ் டிரைவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தனியாக இருக்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். நோய் இல்லாத பூனையாகக் கொடுங்கள், வேலைக்குப் போகிறவன், மருந்து மாத்திரை எல்லாம் என்னால் முடியாது என்றார். சித்தி நீலப் பட்டையைக் காட்டினாள். நான்தான் தூக்கிப் பெட்டியில் வைத்தேன்.

தூக்கியதும் ஒரு சந்தேகம் வந்தது. தாரைத் தூக்கினால் காலை உதைப்பாள். இவள் என் கைக்குள் தலையை நுழைத்தாள். குழல் விளக்கில் முடியின் நிறம் தெரியவில்லை. சித்தியைப் பார்த்தேன். அவள் டிரைவரிடம் படிவத்தை நீட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். பதினொரு மாதங்களில் முதல் முறையாக ஒரு கறுப்புப் பூனை வீட்டுக்குப் போகிறது. நான் பெட்டியின் கதவைச் சாத்தினேன்.

ஞாயிறு மாலை வாளி அண்ணன் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வா. மிளகு குடிகாரன் மாதிரி நடக்குறா. மாத்திரைய எப்பவும் மீனோட லபக்குனு முழுங்குவா. ரெண்டு நாளா எனக்கும் அவளுக்கும் சண்டை."

சிவப்புப் பட்டை போட்டிருந்தவள் சுவரில் சாய்ந்து நின்றாள். வாசல் கதவு திறந்திருந்தது, சாய்ந்த வெயில் அவள் முதுகில் விழுந்தது. துரு இல்லை. தார்.

அப்போது நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன், படுத்தேன். வெள்ளி மாலை, சனி காலை, சனி மாலை, ஞாயிறு காலை, ஞாயிறு மாலை. ஐந்து வேளை. அதற்கு மேல் படுக்க முடியவில்லை. ஒரு மணிக்குச் சித்தியை எழுப்பினேன்.

"என்னடி, வயித்த வலிக்குதா?"

"பூனை மாறிடுச்சு சித்தி."

"கனவு கண்டியா?"

"டிரைவர் கூட்டிட்டுப் போனது மிளகு. நான் பட்டைய மாத்திக் கட்டிட்டேன்."

சித்தி எழுந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, டிரைவருக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"நானே கூப்பிடலாம்னு இருந்தேங்க," என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "பூனை ஒரு மாதிரி கை கால இழுத்துக்கிச்சு. வாயில நுரை. இப்ப அடங்கிடுச்சு, ஆனா என்னை யாருன்னே தெரியாத மாதிரி பாக்குது."

சித்தி வண்டியை எடுத்தாள். போகும் வழியில் காப்பகத்தைத் திறந்து மாத்திரை எடுத்தோம். டாக்டரையும் போனில் எழுப்பினாள். இப்போதே ஒரு மாத்திரை கொடுங்கள், மறுபடி இழுத்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் காலையில் நானே வந்து பார்க்கிறேன், தாருக்கு மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்றார் டாக்டர். அவ்வளவையும் சித்தி வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

டிரைவர் வீட்டில் ஒரே அறை. சீருடைச் சட்டை தேய்த்து நாற்காலியில் தொங்கியது. மிளகு கட்டிலில், ஒரு துண்டுக்குள் சுருண்டு கிடந்தாள். சித்தி அவள் வாயைப் பிரித்து மாத்திரையைப் போட்டாள். முழுங்கினாள். மணி இரண்டு.

சித்தி நடந்ததைச் சொன்னாள், எங்கள் தப்பு என்றாள். "நீங்க கேட்டது நல்லா இருக்குற பூனை. இவள நாங்க கூட்டிட்டுப் போறோம். தாருக்கு உடம்பு தெளிஞ்சதும் கொண்டு வந்து விடுறேன்."

அவர் என்னைப் பார்த்தார். "பெட்டியில வெச்சுக் குடுத்தது நீதானே?"

"ஆமா."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. சித்தியிடம் பட்டையைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தேன். தெரியாது என்று சொன்னால் இரண்டு பேருமே நம்பியிருப்பார்கள்.

"சந்தேகம் இருந்துச்சு," என்றேன்.

சித்தி திரும்பவில்லை. பூனையின் மேலிருந்த கையை மட்டும் எடுத்தாள்.

டிரைவர் நாற்காலியில் சட்டைக்கு முன்னால் நுனியில் உட்கார்ந்தார். "பிரேக்ல லேசா ஒரு சத்தம் வந்தாலே நான் வண்டிய எடுக்க மாட்டேன்மா. நாப்பது பேர் நின்னு திட்டுவாங்க. திட்டிட்டுப் போகட்டும்."

நான் தலையை ஆட்டினேன். அழுகை வரவில்லை. பயம் மட்டும் இருந்தது.

அவர் எழுந்து மிளகின் மேல் துண்டை இழுத்துவிட்டார். பிறகு அவர் சித்தியிடம் கேட்டார்: "இந்த மாத்திரை எத்தன மணிக்கு?"

"பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. வேணாங்க, நீங்க மொதல்லயே முடியாதுன்னு சொல்லித்தான் கேட்டீங்க."

"சொன்னேன். அது பூனைய பாக்குறதுக்கு முன்னாடி. நேத்து ராத்திரி என் காலுக்கிட்டதான் தூங்குச்சு. கறுப்பா இருக்கா, இருட்டுல தெரியல, நான் ரெண்டு தடவ எட்டி ஒதச்சுட்டேன். அப்பவும் எழுந்து போகல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "காலைல மூணுக்கு எழுந்திருப்பேன். சாயங்காலம் மூணுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவேன். மூணும் மூணும் ஒத்து வருமா?"

"வரும்," என்றாள் சித்தி. "ஆனா ஒரு வாரம் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. முடியலன்னா சொல்லுங்க, நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்."

"மாத்திரை குடுத்ததும் உங்க ரெண்டு பேருக்கும் மெசேஜ் போடுறேன். இந்தப் பொண்ணுக்கும் சேத்து."

திரும்பும்போது வண்டியில் சித்தி ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "பட்டை மாறுறது யாருக்கும் நடக்கும். நீ தூக்கிட்டு வாய மூடிட்டு நின்ன பாரு, அதுதான்." நான் சரி என்றேன். இனிமேல் காப்பகத்துக்கு வர வேண்டாம் என்பாளோ என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

காலையில் டாக்டர் போய்ப் பார்த்தார். மறுபடி இழுக்கவில்லை, ஆனால் இரண்டு நாள் போனால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். தார் நேராக நடக்கத் தொடங்கிவிட்டாள், வாளி அண்ணனை ஒரு முறை கீறியும் விட்டாளாம். மதியம் மூன்று ஐந்துக்கு டிரைவரிடமிருந்து மெசேஜ் வந்தது. 'குடுத்தாச்சு. துப்பிட்டா. மறுபடி குடுத்தாச்சு.'

அதெல்லாம் நேற்றுப் பகலில். இப்போது விடிகாலை மூன்று மணி தாண்டிவிட்டது. மூன்று இரண்டு. மூன்று நான்கு. அவர் தூங்கிப் போயிருக்கலாம். அல்லது பூனைக்கு ஏதாவது ஆகியிருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று ஏழு.

மூன்று ஒன்பதுக்கு வந்தது. 'முழுங்கிட்டா. நான் டூட்டிக்குக் கிளம்புறேன்.'

அடுத்த அறையில் சித்தியின் போனும் அதே நேரத்தில் ஒலித்தது. அவள் கட்டிலிலிருந்து எழுந்து வரும் சத்தம் கேட்டது. என் அறை வாசலில் நின்றாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"படு. எட்டு மணிக்குக் கிளம்பணும்," என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.