ஓட்டைக்குச் சொந்தக்காரி

இரண்டு வருடமாக லூ போ-ருய்க்கு தினமும் காலை வணக்கம் சொல்லி வந்தேன். சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்துக்கொள்வேன். அவன் என் மேனேஜர். ஜூபெய் நகரில் இருக்கும் எங்கள் கம்பெனி தொழிற்சாலை இயந்திரங்களுக்குள் வைக்கிற கணினிப் போர்டுகளைச் செய்கிறது. அந்தப் போர்டுகளில் ஓடும் கர்னலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மற்ற நிரல்களுக்கெல்லாம் நினைவகத்தில் இடம் பிரித்துக் கொடுக்கிற தலைமை நிரலுக்குத்தான் கர்னல் என்று பெயர். அதையே கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் உலகம் முழுக்கச் சில ஆயிரம் பேர் இருக்கிறோம்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஒரு திருத்தம் எழுதி எல்லோருக்கும் பொதுவான கர்னலுக்கு அனுப்பினால், அடியில் பெயரை ஒரு வரியாக இட வேண்டும். 'இதை நான் எழுதினேன்; வேறொருவர் எழுதியிருந்தால் அவர் பெயரைச் சொல்லியிருக்கிறேன்' என்று அந்த வரிக்கு அர்த்தம். அது கோர்ட்டில் சத்தியம் பண்ணுவது போலத்தான். பத்து வருடம் கழித்தும் எந்த வரியை யார் எழுதினார் என்று ஒரே கட்டளையில் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் அந்தக் கட்டளைக்கு வைத்திருக்கும் பெயருக்கே பழி என்றுதான் பொருள்.

இரண்டு வருடம் முன்னால் எனக்குப் பித்தப்பையில் கல் வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்த ஒன்பது நாளில், நான் பாதியில் விட்டிருந்த கோட் ஒன்றை, அதாவது நிரல் வரிகளை, லூ எடுத்துத் தன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டான். அது ஏற்கப்பட்டும் விட்டது. திரும்பி வந்தபோது ஆபீசில் எல்லோர் கையிலும் ஜவ்வரிசி உருண்டை போட்ட முத்து டீ. லூ மேனேஜர் ஆன சந்தோஷத்தில் வாங்கிக் கொடுத்ததாம். எனக்கும் ஒன்று வைத்திருந்தான், சர்க்கரை குறைத்து.

"என் பேர் எங்க?" என்று கேட்டேன்.

"ஐயோ சூ-யின், நீ ஆஸ்பத்திரில கிடந்த. உன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நானே அனுப்பிட்டேன். நம்ம டீம் ஒரு குடும்பம். குடும்பத்துக்குள்ள உன்னுது என்னுதுன்னு பாக்கலாமா?"

"அது இன்னும் எழுதி முடிக்காத கோட். மேல ஒரு குறிப்பு எழுதி வச்சிருந்தேனே?"

"அதுவா? பாக்கவே அசிங்கமா இருந்துச்சு, எடுத்துட்டேன். நம்ம கோட் மேல நமக்கே சந்தேகம்னா எவன் வாங்குவான்?"

அந்தக் குறிப்பில் நான் எழுதியிருந்தது இதுதான்: 'துண்டின் நடுவில் ஓட்டை இருந்தால் இது விழும். சரி பண்ண வேண்டும்.'

அது என்ன ஓட்டை என்று சொல்லிவிடுகிறேன். நான் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் லிஃப்டில் மூன்றுக்குப் பிறகு ஐந்துதான். எங்கள் மொழியில் நான்கும் சாவும் ஒரே மாதிரி ஒலிக்கும் என்பதால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் அந்த மாடியே கிடையாது. கணினியின் நினைவகமும் அப்படித்தான். அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்து முதலிலிருந்து கடைசி வரை எண் போட்டுக்கொண்டே போனாலும், நடுவில் சில எண்களுக்கு நினைவகமே இருக்காது. அந்த எண்களை வேறு சிப்புகளுக்குக் கொடுத்திருப்பார்கள். எண் இருக்கும், இடம் இருக்காது. கர்னல் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கும்: இது காலி, இது இன்னாருடையது என்று. ஓட்டைக்குச் சீட்டு கிடையாது. அந்த இடத்தில் கையை விட்டால் கிடைப்பது குப்பை.

நினைவகம் நிரம்பிச் சிதறிப் போகும்போது, கர்னல் பக்கங்களை நகர்த்தி ஒதுக்கிப் பெரிய காலியிடம் உண்டாக்கும். அப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் 'நீ உண்மையிலேயே இருக்கிறாயா' என்று கேட்டுக்கொண்டு போகும். அது மெதுவான வேலை. ஐநூற்றுப் பன்னிரண்டு பக்கம் கொண்ட ஒரு துண்டில் முதல் பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு மிச்சத்தை நம்பிப் போகிற மாதிரி நான் எழுதியிருந்தேன். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. துண்டின் நடுவில் ஓட்டை ஆரம்பித்தால்? அதைத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எழுதலாம் என்று குறித்து வைத்திருந்தேன். அந்தக் காலத்துப் போர்டுகளில் நினைவகம் ஒரே நீளமாக இருந்ததால் லூவின் தலை தப்பியது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். 'இதை எழுதியது சூ-யின்' என்று அவன் தன் வாயால், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். பதவி உயர்வோ மன்னிப்போ எனக்கு வேண்டாம்.

போன மாதம் ஆ-கூய் தன் மேசைக்குக் கூப்பிட்டான். போர்டு வரைகிறவன் அவன். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வான். புதுப் போர்டின் நினைவக வரைபடம் திரையில் இருந்தது.

"அக்கா, இங்க பாருங்க. இந்த நடுப் பகுதிய கேமரா சிப்புக்கும் நெட்வொர்க் சிப்புக்கும் கொடுத்துட்டேன். அங்க நினைவகம் கிடையாது."

"எங்க ஆரம்பிக்குது?"

அவன் எண்ணைக் காட்டினான். மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரு துண்டின் சரியான நடு. சத்தியமாக எனக்குப் பயம் வரவில்லை.

"துண்டு எல்லைல நேரா வெட்டியிருக்கலாமே?"

"நானும் அதத்தான் சொன்னேன். இடம் வீணாகும், துளிகூட விடாதேன்னு லூ சார் பிடிவாதமா நின்னாரு. கர்னல் தாங்கும்ல?"

"அவர்கிட்டயே கேளு. அது அவரு கோட்."

ஆ-கூய் போய்க் கேட்டான். தாங்கும் என்று லூ சொன்னான். நான் என் இடத்துக்கு வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, கோழிக்காலை எலும்பு தெரிய ருசித்துச் சாப்பிட்டேன்.

பதினாறாவது நாள் தைச்சுங் நகரில் ஒரு பட்டறையில் டெமோ. உலோகம் வெட்டும் இயந்திரங்கள் செய்கிற பட்டறை அது. நடத்துகிறவர் லியாவ் மாஸ்டர். அறுபது வயது, விரல் ரேகையெல்லாம் எண்ணெய். அவர் மகள் பெய்-வென் அங்கே நிரல் பார்ப்பவள். எங்கள் போர்டு அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இனி அவர்கள் செய்யும் எல்லா இயந்திரத்திலும் அதுதான்.

லூ பச்சைப் பொட்டலத் தேங்காய்த் தீனி ஒன்றை எடுத்துப் போர்டுப் பெட்டியின் மேல் வைத்தான். இயந்திரம் சமர்த்தாக இருக்க எல்லோரும் வைப்பதுதான். கெடு தேதி தாண்டிய பொட்டலம் வைத்தால் விபரீதம் என்பார்கள். நான் குனிந்து தேதியைப் பார்த்தேன். இன்னும் ஏழு மாதம் இருந்தது.

"என்ன சூ-யின், சாமி மேலயும் நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தான் லூ.

"சாமி மேல இருக்கு," என்றேன்.

சும்மா வெறும் காற்றில் கத்தியை ஓட்டிக் காட்டுவதாகத்தான் பேச்சு. லியாவ் மாஸ்டர் ஒப்பவில்லை.

"காத்த வெட்டறதுக்கு என் மெஷின் எதுக்கு? ஃபேன் போதுமே. ஆ-சோங், எஃகு போடுப்பா."

ஆ-சோங் ஐம்பது வயதுத் தொழிலாளி. பெரிய எஃகுக் கட்டியை ஏற்றி, கதவைச் சாத்தி, கண்ணாடிக்கு முன்னால் வழக்கம்போல நின்றுகொண்டார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கத்தான் போனேன். அப்போது லூ பெய்-வென்னிடம் சொல்வது காதில் விழுந்தது: "இந்த வேகத்துக்குக் காரணம் ரெண்டு வருஷம் முன்னாடி நான் எழுதின ஒரு திருத்தம். தூங்காம எழுதினது." வாயை மூடிக்கொண்டேன்.

நாற்பது நிமிடம் அழகாக ஓடியது. கேமரா படங்கள் சேரச் சேர நினைவகம் நிரம்புவதை என் மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறு சதவீதம். தொண்ணூற்று நாலு. பிறகு திரை அப்படியே உறைந்தது. சுழலும் தண்டு ஒரு கணத்தில் நின்றது, எஃகை நகர்த்தும் மேசை அடுத்த கணத்தில்தான் நின்றது. அந்த இரண்டு கணத்துக்கு நடுவில் கத்தி ஒடிந்து பறந்து கதவுக் கண்ணாடியில் அடித்தது. ஆ-சோங் பின்னால் சாய்ந்து, ஒரு தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி உடையவில்லை. நடுவில் குழிந்து, சுற்றிலும் விரிசல் விட்டிருந்தது.

லூவின் முகத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். ஆ-சோங்கை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். இதை நான் மறைக்கப் போவதில்லை.

பெய்-வென் கெட்டிக்காரி. கர்னல் சாகும்போது கடைசியாக எழுதிவிட்டுப் போன வரிகளைப் படித்தாள். எந்தப் பக்க எண்ணில் விழுந்தது என்று போர்டு வரைபடத்தில் தேடினாள்.

"இந்த நம்பர்ல நினைவகமே இல்ல. இல்லாத பக்கத்தப் போய் நகர்த்தப் பாத்திருக்கு. ஏன் சார் இருக்கா இல்லையான்னு கேக்கவே இல்ல?"

லூ திரையைப் பார்த்தான். இரண்டு வருடமாகத் தன் பெயர் இருக்கும் நிரலை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தான் என்று நினைக்கிறேன்.

"அது... வேகத்துக்காக... ஒரு ஏற்பாடு."

"என்ன ஏற்பாடு? முதல் பக்கத்த மட்டும் கேட்டா போதும்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"அத வந்து... சூ-யின், நீ கொஞ்சம் சொல்லேன்."

"நீங்க தூங்காம எழுதினது சார். நான் என்ன சொல்ல?" என்றேன். இரண்டு வருடத்தில் இவ்வளவு இனிமையாக நான் அவனிடம் பேசியதில்லை.

லியாவ் மாஸ்டர் ஒடிந்த கத்தித் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றார். "தம்பி, இது எவன் பண்ண வேலை?"

லூவின் கழுத்து வியர்த்தது. அவன் விரல் என் பக்கம் நீண்டது. "இது நான் எழுதினதே இல்ல மாஸ்டர். எல்லாமே இவ எழுதினது. ஒவ்வொரு வரியும் சூ-யின் எழுதினது!"

ஆ-கூய் சிரிப்பதை நிறுத்திவிட்டான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நாள் காத்திருந்த வாக்கியம்!

பெய்-வென் மடிக்கணினியை மெதுவாக அவன் பக்கம் திருப்பினாள். "அப்ப கீழ உங்க பேர்ல ஒரு வரி இருக்கே சார். 'நான் எழுதினேன்'னு. இவங்க பேர் எங்கயுமே இல்லையே?"

பழியிலிருந்து தப்பிக்கத் தன் திருட்டைத் தானே ஒப்புக்கொண்டுவிட்டது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கர்னல் ஆட்களுக்குப் பிழை அவமானமில்லை. எல்லோரும் பிழை விடுகிறவர்கள்தான். பொய்ச் சத்தியம் பண்ணினவனின் நிரலை மட்டும் அதற்குப் பிறகு ஒருத்தரும் தொட மாட்டார்கள்.

"அந்தப் பொதுக் கர்னல் ஆளுங்களுக்கு இத எழுதி அனுப்பிடுவேன்," என்றாள் பெய்-வென். "என்னை நம்பித்தான் எங்க அப்பா போர்டு வாங்கறாரு."

லூ யாரையும் பார்க்காமல் வெளியே போய், நாங்கள் வந்த வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். தேன் குடித்தது மாதிரி இருந்தது எனக்கு. இன்னும் கொஞ்சம் நேரம் அப்படியே இருந்திருக்கும்.

"அப்ப எழுதினது நீங்கதான்," என்றார் லியாவ் மாஸ்டர்.

"ஆமா மாஸ்டர்."

"இதுல ஓட்டை இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். ஆனால் அந்தக் கோட் என்னுடையது என்று சொல்ல வைக்கத்தானே இவ்வளவும். சொந்தம் கொண்டாடிவிட்டு இதை மட்டும் மறைக்க எனக்கு நாக்கு வரவில்லை.

"இந்தப் போர்டுல விழும்னு பதினாறு நாளா தெரியும்."

அவர் கத்தவில்லை. கண்ணாடியில் குழிந்திருந்த இடத்தில் விரலை வைத்தார். "இது ஆ-சோங் மூஞ்சிக்கு நேரா இருக்கு," என்றார். "அவன் உங்க பேரத் திருடினான். ஆ-சோங் உங்களுக்கு என்னம்மா பண்ணினான்?"

ஆ-சோங்குக்கு நாங்கள் பேசியதில் பாதி புரிந்திருக்காது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

உட்கார்ந்து எழுதினேன். ஓட்டை இருக்கும் துண்டுகளில் மட்டும் ஒவ்வொரு பக்கத்தையும் கேள் என்று நாலு வரி. இருபது நிமிடம் ஆனது. அடியில் என் பெயரைப் போட்டேன். ஆ-கூய் போர்டைப் பக்கத்து இயந்திரத்துக்கு மாற்றினான். ஆ-சோங் புது எஃகை ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"சரியாயிடுச்சாம்மா? நான் போய் நிக்கலாமா?"

கேலியில்லை, கோபமுமில்லை. நான் நில் என்றால் நின்றிருப்பார். சரியாகிவிட்டது என்றுதான் எனக்கும் தெரியும். நாலு வரியையும் இரண்டு தடவை படித்துப் பார்த்திருந்தேன். இருந்தும் அந்த மனிதரிடம் ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நீங்க தள்ளி நில்லுங்கண்ணே. நான் நிக்கறேன்."

கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, ஓட்டச் சொல்லிக் கையைக் காட்டினேன். லூ போ-ருய்யை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. கத்தி சுழன்று இறங்கி எஃகைத் தொட்டபோது கண்களை இறுக மூடிக்கொண்டேன்.