கண்ணாடிக்குத் தெரியாத காய்ச்சல்

"உலகமே உறைந்தாலும் கொதித்தாலும், உயிருள்ள உடம்பு தன் உள்சூட்டை ஒரே அளவில் காத்துக்கொள்ளும். படைப்பின் பெருஞ்சிறப்பு அதுவே" என்று டிரெசர் ஞானசேகரம், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அறிவித்தார். சிலிம் ரிவர் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்துக்கு அவர்தான் வைத்தியம். வெயில் ஏறுமுன்பே கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டி, மூக்குக்கண்ணாடி நழுவிக்கொண்டிருந்தது.

"நாய் நாக்கைத் தொங்கப்போடும், எருமை சேத்தில படுக்கும். உங்கட உடம்பும் தானாச் சரிக்கட்டும். சும்மா காய்ச்சல் எண்டு வந்து நிக்கவேண்டாம்."

காய்ச்சல்காரர்கள் வரிசையில் சீனி நின்றான். அவன் தோளில் சாய்ந்திருந்தாள் மனைவி வீரம்மா. இரவெல்லாம் எரிந்த உடம்பு. வாய்க்கசப்புக்கு வெற்றிலை அடக்கியிருந்தாள். முறை நெருங்கவும் சீனிக்குப் பதறியது.

"துப்பிட்டு வாயக் கொப்புளி புள்ள. ஐயா முன்னால நிக்கப்போற."

மழைத்தொட்டியில் அவனே மொண்டு கொடுத்தான். பல் கூசும் குளிர். எரிச்சலுக்கு இதமாக இருக்கவே அவள் நெடுநேரம் வாயில் அடக்கியிருந்து துப்பினாள். அந்த ஈர நாக்கின் அடியில் டிரெசர் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக்குழாயைச் செருகினார்.

"காய்ச்சல் இல்லை. மரத்துக்குப் போ."

"நெத்தி தோசக்கல்லாட்டம் கொதிக்குதுங்கய்யா. தொட்டுப் பாருங்க."

"உன்ர கை சூடோ, அவளின்ர நெத்தி சூடோ, ஆர் கண்டது? சயன்ஸ் தடவிப் பாக்கிற விசயமில்லை."

வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது பக்கத்து நிரையில் மரம் வெட்டும் பத்துமலை தலையில் அடித்துக்கொண்டான்.

"பச்சத்தண்ணி பட்ட வாயில சூடு எப்பிடி மச்சான் தெரியும்? நாங்கள்லாம் காய்ச்சலே இல்லாம சுடுகாப்பி குடிச்சிட்டு வந்து லீவு வாங்குறோம். மரியாத பாக்கப் போயி கெடுத்துக்கிட்டியேலா."

சீனி திரும்பிப் பார்த்தான். டிரெசர் போய்விட்டிருந்தார். கங்காணி மட்டும் பிரம்போடு நின்றார்.

பால் எடுக்கும் நேரத்தில் வீரம்மா மரத்தடியில் சரிந்தாள். வாளி கவிழ்ந்தது. பல் கிட்டி உடம்பு தூக்கிப்போட்டது. சீனி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"குளுருதுங்கறாய்யா. கம்பளி ஒண்ணு குடுங்க."

டிரெசர் இம்முறை குழாயை எடுக்கவில்லை. கோட்டுப் பொத்தானைத் தடவினார்.

"கம்பளி இப்ப இல்லை. சாக்கு இருக்கு."

ரப்பர் வாடை அடிக்கும் சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி, சீனி அவள் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பொழுது சாயும்போது நடுக்கம் நின்றது. தேறிவிட்டாள் என்று நினைத்து, விறைத்துக்கொண்டுவந்த பாதங்களை இன்னும் சற்று நேரம் தேய்த்தான்.

ஆஸ்பத்திரியின் ஒரே கம்பளி தோட்டத் துரையின் குதிரைமேல் கிடந்தது. முந்தின நாள் மழையில் குதிரை தும்மியதாம்.