மின்விசிறி நின்ற கோடை

சித்திரை பிறந்த வாரத்தில் மந்தைவெளி நீரஜா வீட்டுக் கோமாளி மீன் பக்கெட்டிலிருந்து எழும்பி, கூடத்துக் காற்றில் நீந்தத் தொடங்கியது. அந்தக் கோடை முழுவதும் அங்கே மின்விசிறி சுற்றாததற்கு அதுதான் காரணம். கரண்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வங்கி வேலையை விட்ட பிறகு நீரஜா கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்து, உப்பு அளந்து கரைத்து, ஆசை ஆசையாக மீன் வளர்த்து வந்தாள். புது மீன் எதுவானாலும் சில வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகுதான் தொட்டியில் சேர்ப்பாள். பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, கணவரின் தம்பி அம்பி பாலித்தீன் பையில் ஒரு நீல மீனோடு வந்தான். பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடுமே என்ற பதற்றத்தில், பையைப் பெருமாள் படத்துக்கு ஒருமுறை காட்டிவிட்டு மீனை நேரே தொட்டியில் விட்டுவிட்டான். அடுத்த வெள்ளிக்குள் எல்லா மீன்கள் மேலும் ரவை தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். நீல மீன் உட்பட ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. கோமாளி மீன் ஒன்று மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு மிஞ்சியது.

“திருஷ்டி கழிஞ்சதுன்னு நெனச்சுக்கோங்கோ மன்னி. ஆத்துக்கு வரவேண்டியதை மீன் வாங்கிண்டு போயிடுத்து” என்று ஆறுதல் சொன்னான் அம்பி.

நீரஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எனக்கு வர்றதை வாங்கிக்கணும்னு அதுக்கென்ன தலையெழுத்து? நீ விட்டே, அதுகள் செத்துது. திருஷ்டி மேல பழியைப் போடாதே.”

மிஞ்சியதை மருந்துத் தண்ணீர் பக்கெட்டுக்கு மாற்றிவிட்டு, தொட்டியைத் தரிசாகப் போட்டாள். மீனே இல்லாத தண்ணீரில் அந்த வெள்ளைப் புள்ளிக் கிருமி ஒட்ட உடம்பு கிடைக்காமல் பட்டினியில் சாகும். அதற்கு இரண்டரை மாதமாவது ஆகும். அதுவரை ஒரு மீன்கூட உள்ளே போகக் கூடாது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ, பக்கெட் பிடிக்கவில்லையோ, மீன் காற்றில் ஏறிவிட்டது. வீட்டு வேலை செய்யும் செண்பகம்தான் முதலில் பார்த்தாள்.

“யம்மா, மீனு ஃபேனாண்ட போய்க்கினு கீது! சீக்கிரம் அமத்து!”

நீரஜா ஓடிப்போய் அணைத்தாள். செண்பகம் விட்ட இடத்திலிருந்து பெருக்கினாள். சில நாளில் மீன் மேலிருந்த புள்ளிகள் காய்ந்து பொடியாக உதிர்ந்தன. அவற்றையும் சேர்த்தே கூட்டி அள்ளினாள்.

பிறகு கத்திரி வந்தது. நீரஜாவின் கணவர் ஜெயராமுக்கு ஏசி ஆகாது, மூட்டைப் பிடித்துக்கொள்ளும். ஓலை விசிறியோடு கூடத்தில் உட்கார்ந்து வெந்தார்.

“கிருமி பட்டினி கெடக்கட்டும், நான் ஏன்டி வேகணும்? தண்ணி பளிங்கு மாதிரி இருக்கே, உள்ள விடேன்.”

“இப்ப விட்டா அது செத்துடும்.”

“அப்ப ஃபேனைப் போடறேன்.”

“வெட்டுப்படும்.”

“ஒரு மீனுக்காகவா இவ்வளவும்?”

“ஒண்ணுதானே மிஞ்சியிருக்கு” என்றாள் நீரஜா. ரெகுலேட்டரின் குமிழைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். தூங்கும்போதுகூட எடுக்கவில்லை.

வைகாசியில் ஒரு வெள்ளியன்று அம்பி மறுபடி ஒரு மீன் பையோடு வந்தான். செய்த தப்புக்கு ஈடு செய்கிறானாம். “காலித் தொட்டி கூடத்துல இருக்கப்படாது மன்னி. பத்தரைக்குள்ள விட்டுடலாம்.”

நீரஜா தொட்டி மூடியின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்து நின்றாள். மீன் அவள் காதோரம் வந்து நின்றது.

“நல்ல நேரம் போறது மன்னி.”

“போகட்டும். நல்ல நேரத்துல நீ விட்டதுலதான் அத்தனையையும் வாரிக் கொட்டினேன்.”

பத்தரை தாண்டும்வரை அவள் கையை எடுக்கவில்லை. அம்பி மீனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

ஆனி மாதக் கடைசி வெள்ளியன்று அவளே அவனைக் கூப்பிட்டாள். தொட்டி சுத்தமாகிவிட்டது. பத்து மணிக்கெல்லாம் அம்பி தயாராக நின்றான். நீரஜா அவனுக்குக் காபி கொடுத்தாள், டம்ளரைக் கழுவி வைத்தாள், ஊஞ்சலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராகு காலம் பிறந்ததும் எழுந்துபோய் மூடியைத் திறந்தாள்.

“பன்னெண்டு மணி வரைக்கும் பொறுக்கப்படாதா?” என்று கெஞ்சினான் அம்பி.

“படாது.”

அலமாரி மேலிருந்து மீன் இறங்கி வந்து, தண்ணீருக்கு மேல் கொஞ்சம் தயங்கி, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒன்றும் ஆகவில்லை. போட்ட தீனியை மீன் தின்றது.

இன்றுவரை நன்றாக இருக்கிறது. ஆனால் காற்றுப் பழக்கம் விடவில்லை. சாயங்காலமானால் வெளியே வந்து கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். நீரஜா ரெகுலேட்டர் குமிழை எப்போதோ மாட்டிவிட்டாள். போன மாதம் வியர்க்க விறுவிறுக்க வந்த அம்பி அதை நோக்கிக் கை நீட்டினான்.

“போடாதேடா” என்று ஜெயராம் தன் ஓலை விசிறியை அவனிடம் கொடுத்தார். “அது வெளியில வர்ற நேரம்.”