முடிச்சில்லாத ஐந்து சரம்

வெள்ளைத்தாய் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு ஒம் பாசிமாலையைப் போட்டுக்கிடுறேன். ஆனா பாக்குற சனம் கடையில வாங்குனதுன்னு நினைக்கணும். புருசன் கோத்துக் குடுத்ததுன்னு ஒரு ஆளு வாயில வந்துச்சு, அந்த இடத்துலயே கழத்திருவேன். அதுக்குப் பொறவு எதுவும் கோத்துக்கிட்டு எங்கிட்ட வரக் கூடாது."

சோணைமுத்து சரி என்று தலையாட்டினான். வேறென்ன செய்வான்? நாலு வருசமாகப் பாசிமணி கோர்க்கிறான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கழுத்தில் கிடக்கிறது, எதிர்வீட்டு நிலைவாசலில் தோரணமாகத் தொங்குகிறது. கட்டின பொண்டாட்டி கழுத்தில் மட்டும் ஒன்றுகூட ஏறியதில்லை. அவள் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டுகிறவள். கூட நாற்பது பெண்கள். நாற்பது வாய்.

எண்பத்து நாலில் கூலித் தகராறில் மில்லை இரண்டு மாதம் பூட்டிப் போட்டபோது பிடித்த பழக்கம் அது. காலையில் கொத்தனாருக்குக் கையாளாகப் போய்ச் சாந்துச் சட்டி சுமப்பான். சாயங்காலம் மற்றவர்கள் சீட்டாடப் போனார்கள். இவனுக்குச் சீட்டு ஏறாது. அறுந்து கிடந்த ஒரு பாசிமாலையை எடுத்துக் கோர்த்துப் பார்த்தான். விரல் தானாகப் போனது. போகாமல் என்ன செய்யும்? ஸ்பின்னிங்கில் அவன் சைடர். ஷிப்ட் முழுக்க நூல் நூற்கிற இரண்டு பிரேமுக்கு நடுவில் நடந்துகொண்டே அறுகிற இழையையெல்லாம் ஒட்டுவதுதான் வேலை. அறுந்த நுனியைச் சுற்றி வருகிற பஞ்சோடு சேர்த்து, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒரு திருகு திருகும். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டு ஓடும். முடிச்சு என்ற பேச்சே கிடையாது. நூலில் முடிச்சு விழுந்தால் பழுது. மேஸ்திரி பிரேம் சத்தத்தையும் மீறிக் கத்துவார்.

கல்யாணம் வெள்ளைத்தாயின் அக்கா கருத்தம்மாளின் மகளுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில், வைகாசி கடைசி முகூர்த்தம். மாசியிலேயே சோணைமுத்து திட்டம் போட ஆரம்பித்துவிட்டான்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தான். ஒரு கட்டம் ஒரு பாசி. சிவப்பு மையில் புள்ளி வைத்தால் மெரூன், பச்சை மையில் வைத்தால் பச்சை, வெறுங்கட்டம் முத்து. ஐந்து சரம். ஒன்றுக்குக் கீழ் ஒன்று இறங்கி, நடுவில் ஒரு மாங்காய்ப் பதக்கம். பதக்கம் மட்டும் ஏழு தடவை வரைந்தான். முதல் மாங்காய் கத்தரிக்காயாகிப் போனது. மூன்றாவது, மூக்கு வளைந்து கிளி மாதிரி நின்றது. ஏழாவதில்தான் மாங்காய் மாங்காயாக வந்தது. எந்தச் சரத்தில் எந்த இடத்தில் கோதுமை போல நீண்ட மணி விழ வேண்டும், இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்து வருகிறதா என்று சாப்பாட்டு இடைவேளையில் கேண்டீனில் உட்கார்ந்து எண்ணுவான்.

"ஏலே சோணை, நோட்டுல என்னலே அம்புட்டு நேரமா? கைக்குள்ள ஒளிச்சு ஒளிச்சு எழுதுத?" என்பான் பக்கத்துப் பிரேம் சங்கிலிப்பாண்டி.

"மாங்கா வரையுதேன்."

"மாங்காயா! நாளைக்கு வளையல் போட்டுக்கிட்டு வருவ. அதுக்கு மறுநாளு மசக்கையின்னு லீவு கேப்ப."

"ஒனக்கும் ஒரு மாலை கோத்துத் தாரேன்லே. என்ன, ஒன் கழுத்துக்கு ரெண்டு மூடை பாசி ஆகும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சங்கிலிப்பாண்டியும் சிரித்துக்கொண்டே ஒரு வடையைப் பிட்டு இவன் தட்டில் வைத்தான். அந்த மட்டுக்கும் கேலி. அதற்கு மேல் அவனுக்கும் தெம்பில்லை, தலையெல்லாம் பஞ்சு.

பாசி வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போவான். தேரடிப் பக்கம் காதர் பாய் ஒரு பேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். சாந்துப்பொட்டு, ரிப்பன், வளையல், கண்ணாடிப் பெட்டிக்குள் பாசி. சோணைமுத்து ஒரு பொட்டணம் மெரூன் வாங்க ஒரு மணி நேரம் நிற்பான். நிழலில் வைத்துப் பார்ப்பான், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்பான், திரும்ப வந்து வேறு பொட்டணம் கேட்பான்.

"என்ன மாப்ளே, பொண்ணு பாக்கவா வந்திருக்கீக? திருப்பித் திருப்பிப் பாக்கீக. அது கண்ணாடி மாப்ளே, காபித் தட்டத் தூக்கிக்கிட்டு வராது."

"கடையிலயே பாத்துரணும் பாய். கோத்த பொறவு நெறம் மாறித் தெரிஞ்சா பிரிக்கணும்ல."

"சரி, எதுல கோக்கப் போறீக? நைலான் தங்கூசி இருக்கு, தரட்டா? மீனு புடிக்கிறவன் கையில அறுகாதது, கழுத்துலயா அறுகப் போகுது?"

"வேண்டாம் பாய். தங்கூசி வெறைச்சுக்கிட்டு நிக்கும். கழுத்துல படியாது. நூல்தான் படியும்."

"மில்லுக்காரகிட்ட நூலப் பத்திப் பேசுனா நான்தான் கிறுக்கன்," என்றார் காதர் பாய். ஐந்து சரத்துக்கும் வேண்டியதை அளந்து கட்டிக் கொடுத்தார். யாராவது கேட்டால் தன் கடையில் மாலையாகவே வாங்கியது என்று சொல்லிக்கொள்ள ஒப்புக்கொள்ளவும் செய்தார். "நல்லாயிருந்தா என் கடை, நல்லாயில்லாட்டி ஒங்க வீடு," என்று சிரித்தார்.

வெள்ளைத்தாய் கம்பெனியிலிருந்து கொண்டு வந்த கழிவுத் துணியை ஒரு சில்வர் தட்டில் விரித்து அதில்தான் பாசியைக் கொட்டுவான். பேண்டேஜ் துணிக்கு வலை போல ஓட்டை. பாசி உருளாமல் அந்த வலைக்கண்ணில் உட்கார்ந்துகொள்ளும். ஓட்டை கோணலாக இருப்பது, விளிம்பு உடைந்தது, ஒன்றுக்கொன்று பருமன் ஒத்து வராதது எல்லாம் ஒரு பக்கம் போகும். பகல் ஷிப்ட் வாரங்களில் சாயங்காலம் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் அதுதான் வேலை. வெள்ளைத்தாய் அரிசி புடைத்துக்கொண்டே பார்ப்பாள். பதக்கத்தில் முத்து வரிசை முடிந்த அன்றைக்கு மட்டும் செத்த நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "ம்," என்றாள். அந்த ஒரு 'ம்'முக்கு அவன் ஒரு வாரம் விசிலடித்துக்கொண்டு மில்லுக்குப் போனான்.

தப்பு நடந்தது கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால். நூலை வெட்டும்போது பாசியின் நீளத்தைக் கணக்குப் பண்ணினவன், பதக்கத்துக்குள் நூல் வளைந்து திரும்புகிற நீளத்தை விட்டுவிட்டான். கடைசி இரண்டு சரத்தில் ஒரு சாண் நூல் பற்றவில்லை. முடிச்சுப் போட்டு நீட்டினால் முடிச்சு பாசி ஓட்டைக்குள் நுழையாது. பிரித்துக் கோர்க்க நாளில்லை. அவன் யோசிக்கவே இல்லை. பற்றாத நூல், புதுத் துண்டு இரண்டின் நுனியையும் பிரித்தான், ஒன்றன்மேல் ஒன்றை வைத்தான், மெழுகு தடவினான், பிரேமில் செய்கிற அதே திருகு. ஒட்டின இடம் தெரியவில்லை. இழுத்துப் பார்த்தான், நின்றது. பாசி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது. இருபது வருச வேலைக்காரன் கை என்று அவனுக்கே பெருமையாக இருந்தது.

கல்யாணத்தன்று காலையில் வெள்ளைத்தாய் சொன்ன சொல் தவறாமல் மாலையைப் போட்டுக்கொண்டாள். அரக்குச் சேலைக்கு அந்த மெரூன் எடுப்பாக இருந்தது. மண்டபத்தில் பார்த்த பெண்கள் தொட்டுப் பார்த்தார்கள்.

"எங்கடி எடுத்த?" என்றாள் கருத்தம்மாள்.

"நம்ம காதர் பாய் கடையில."

"எனக்கு இப்படி ஒன்னும் காட்டலயே அவரு!"

நாலடி தள்ளித் தாம்பூலத் தட்டோடு நின்ற சோணைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது.

முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தார்கள். பொண்ணுக்குச் சித்தி என்பதால் வெள்ளைத்தாய் சாம்பார் வாளியோடு இறங்கினாள். பக்கத்திலேயே கோட்டை அடுப்பு, மேலே தகரக் கொட்டகை. எல்லாருக்கும் வேர்வை ஊற்றியது. ஆறாவது இலைக்குக் குனிந்தபோது கழுத்தில் ஏதோ இளகினாற்போல் இருந்தது. அவள் கையை வைப்பதற்குள் சரம் ஒன்று விட்டுப் போனது, கூடவே இன்னொன்று. மெரூனும் முத்துமாக இலையிலும் வாளியிலும் தரையிலும் பொலபொலவென்று கொட்டியது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வாயில் கடக்கென்று ஒரு சத்தம்.

"என்னத்தா இது, சாம்பார்ல பவளத்தப் போட்டுத் தாளிச்சிருக்கீக? பல்லு போச்சே!"

பந்தியே சிரித்தது. வெள்ளைத்தாய் மிச்சத்தைக் கழுத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கருத்தம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பந்தக்காரர்கள் முன்னால் தங்கச்சிக்கு இப்படியாகிவிட்டதே என்று கொதித்தாள்.

"எம்புட்டு நம்பி வாங்கியிருப்பா! மட்டமான நூலக் கோத்து ஏமாத்தியிருக்காரு அந்த மனுசன். ஏங்க, நீங்க போயி அவர என்னன்னு கேளுங்க. ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கு கடை. நாலு பேரு முன்னால கேளுங்க!"

கருத்தம்மாளின் புருசன் சேதுபதி வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். கூட இரண்டு இளவட்டங்கள் கிளம்பினார்கள். சோணைமுத்து பொண்டாட்டியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் அவன் கோர்த்தது இனி என்றைக்கும் அவள் கழுத்தில் ஏறாது. திறக்காவிட்டால், ஒரு தப்பும் செய்யாத காதர் பாய் தன் கடைவாசலில் நாலு பேர் முன்னால் ஏச்சு வாங்குவார்.

"சகல, நில்லுங்க," என்றான். குரல் பிரேமுக்கு நடுவில் பேசுகிறவன் குரல், மண்டபம் முழுக்கக் கேட்டது. "கடைக்காரரு ஒன்னும் பண்ணல. பாசி மட்டுந்தான் அவரு குடுத்தது. கோத்தது நான்."

"நீரா?"

"நான்தான். ஒட்டுல கோளாறு. ஏந் தப்பு."

"ஒங்க வீட்டுக்காரரா கோத்தாரு?" என்று ஒருத்தி வெள்ளைத்தாயின் முகத்துக்கு நேராகக் கேட்டாள். இன்னொருத்தி முந்தானையால் வாயை மூடினாள். சோணைமுத்து யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, பந்திப் பாய்க்கு அடியிலும் இலை ஓரத்திலும் கிடந்த பாசியைப் பொறுக்கினான். அடுத்தவர் காலடி என்று பார்க்கவில்லை. பொறுக்கிப் பொறுக்கி நிமிர்ந்தால், எதிரே கருத்தம்மாளும் முழங்காலில் இருந்தாள். உள்ளங்கையில் நாலைந்து முத்து.

"இத நீங்களா கோத்தீக தம்பி?" என்றாள். கேலியாக இல்லை. தங்கச்சி கழுத்தில் தொங்கின பதக்கத்தை எட்டிப் பார்த்தாள். "இந்த மாங்காயையும்?"

"ஆமா மதினி."

"ஏட்டி," என்றாள் தங்கச்சியிடம், "எனக்கு வாச்சவரு வேட்டி அவுந்தாலே ஒழுங்காக் கட்டத் தெரியாதவரு. ஒனக்கென்னடி மூஞ்சி இப்படிப் போகுது?"

சேதுபதி மடித்துக் கட்டின வேட்டியைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டார்.

வெள்ளைத்தாய் மிச்ச மூன்று சரத்தையும் கழற்றி, பாசியோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து சாம்பார் ஊற்றப் போனாள்.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் ராஜபாளையம் திரும்பும்போது பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பாதி வழியில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"எதுக்கு அறுந்துச்சு?"

"அறுகல. உருவிருச்சு. நூல் பத்தல, மில்லுல ஒட்டுற மாதிரி ஒட்டுனேன். அங்க ஒட்டுனதும் ஸ்பிண்டில் சுத்துது பாரு, அந்த முறுக்கு ஏறி இழை இறுகிக்கிடும். இங்க மெழுகு புடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. சூட்டுல இளகவும் விட்டுருச்சு."

"அப்ப நான் சுத்திக்கிட்டே இருக்கணுமாக்கும்? எங்கழுத்து என்ன ஸ்பிண்டிலா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை என்பதால் அடக்கிக்கொண்டான்.

"ஒன்னு கேக்கேன். நாலு மாசமா வரைஞ்ச. கட்டம் கட்டமா எண்ணுன. ஒரு நாளாச்சும் எங்கழுத்த அளந்தியா?"

அவன் யோசித்துப் பார்த்தான். அளக்கவில்லை.

"அஞ்சு சரமும் என்ன கனம் தெரியுமா? காலையிலருந்து பிடரி வலிக்குது. வேலை செய்யுற பொம்பளைக்கு அம்புட்டு நீளம் எதுக்குய்யா? குனிஞ்சா வாளியில விழுது, நிமிர்ந்தா சேலைக் கொசுவத்துல மாட்டுது. மாங்கா நல்லாயிருக்கு. மத்தது எல்லாம் தண்டம்."

"கழத்திருவேன்னு சொன்னியே," என்றான் மெதுவாக.

"அதான் தானாவே கழண்டுருச்சே." சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "தெரிய வேண்டிய சனத்துக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு. இனி என்னத்த மூடுறது? வார ஞாயித்துக்கிழமை பொண்ணு மாப்பிள்ளைய விருந்துக்கு அழைச்சிருக்கேன். அக்காவும் வாரா. அதுக்குள்ள ஒழுங்கா ஒன்னு முடி."

"எட்டு நாளா? வரையவே..."

"நோட்ட மூடி வையி. வரைஞ்சது போதும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் விளக்கைப் போட்டுவிட்டுச் சேலைகூட மாற்றாமல் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அவன் ஒரு நூலை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் பிடித்தான்.

"இறுக்காத. இங்க நிக்கணும், இந்த எலும்புக்கு மேல. அதுக்குக் கீழ எறங்கக் கூடாது."

"மாங்கா?"

"மாங்கா இருக்கட்டும். ரெண்டு சரம் போதும்."

அவள் காட்டின இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்துக்கொண்டு, நூலைத் தரையில் நீட்டி அளந்தான். பதினேழு அங்குலம். இன்னும் ஒரு முழம் கூடவே விட்டு நூலை வெட்டினான்.